ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு நாற்பதாம் நாள்

"பஸ்ஸுக்குப் போய் யாராவது சாவு நோட்டீஸ் அடிப்பாங்களா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"செத்ததுக்குத்தானே அண்ணே அடிக்கிறோம். அது போய் அஞ்சு வாரம் ஆச்சு."

"அபசகுனம், மிலுங்கா."

"என் முட்டியை வெச்சுக்கிட்டு இந்த மேட்டை ஒரு தடவை ஏறிப் பாருங்க. அப்புறம் சகுனம் பேசலாம்."

கறுப்புக் கரை போட்ட தாளைத் திஹோமிர் வெடுக்கென்று வாங்கினார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒன்பதாம் நம்பரை ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். முகம் இன்னும் கோணியது.

"பொறந்த வருஷம் தப்பு. எண்பத்தொண்ணு இல்ல, எழுபத்தொன்பது. செத்த பிறகாவது சரியா போடு."

அதோடு அவரும் இவள் பக்கம் வந்துவிட்டார்.

மிலுங்கா வாரம் மூன்று நாள் முட்டி சிகிச்சைக்குக் கீழே டவுனுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் நின்றுபோனதைக் குடியிருப்போர் சங்கத்தின் பேரில் மூன்று முறை நகராட்சிக்கு எழுதினாள். 'ஒன்பதாம் எண் பேருந்து வழக்கம்போல் இயங்குகிறது' என்று மூன்று முறையும் ஒரே பதில். கம்பத்தில் ஒட்டிய புகார்த் தாளையெல்லாம் துப்புரவு ஊழியர் ஸார்கோ விடிந்ததும் கிழித்துவிடுவார். அது அவர் வேலை. ஆனால் சாவு நோட்டீஸைக் கிழிக்க இந்த ஊரில் எவனுக்குக் கை வரும்?

மறுநாள் மேட்டு ஸ்டாப்பிலிருந்து நகராட்சி வாசல் மரம் வரைக்கும் பஸ்ஸின் போட்டோவோடு நோட்டீஸ் தொங்கியது. 'நம்மையெல்லாம் சுமந்த ஒன்பதாம் நம்பர் திடீரென மறைந்தது. நாற்பதாம் நாள் காரியம் சனிக்கிழமை, மேட்டு ஸ்டாப்பில்.' ஸார்கோ வந்தார், படித்தார், சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

சனிக்கிழமை அறுபது பேர் கூடினார்கள். மெழுகுவத்தி, பிளம் சாராயம், சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை எல்லாம் முறைப்படி இருந்தது. கூட்டத்தைக் கலைக்க நகராட்சிப் போக்குவரத்து அதிகாரி வுகாஷின் வந்தார்.

"வண்டி ஓடுதும்மா. காகிதத்துல தெளிவா இருக்கு."

"இருக்கட்டும் சார். வந்தது வந்தீங்க, ஒரு கரண்டி எடுத்துக்குங்க."

அந்தக் கோதுமையை மறுத்தால் செத்தவரை அவமதித்ததாகும். கை நீட்டி வாங்கினார், வாயில் போட்டார். சாவு வீடுகளில் அதைத் தின்றதும் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது: "கடவுள் அதோட ஆத்மாவை மன்னிக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"கேட்டீங்கல்ல எல்லாரும்?" என்றார் திஹோமிர். "செத்துப்போச்சுன்னு நகராட்சியே ஒத்துக்கிச்சு."

முதலில் சிரித்தது ஸார்கோதான். வுகாஷின் கோதுமையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "திங்கக்கிழமை வரும்," என்றார்.

வந்தது. மிலுங்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சிகிச்சைக்குப் போனாள். இப்போது ஸ்டாப்பில் சங்கம் ஒரு தாள் மாட்டியிருக்கிறது. வண்டி வந்த நேரத்தை டிரைவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாலை ஆறு மணி வண்டி மட்டும் அடிக்கடி மட்டம் போடுகிறது. 'கவலைக்கிடம்' என்று ஒரு நோட்டீஸ் அடிக்கலாமா என்று திஹோமிர் யோசிக்கிறார்.

உங்கள் தெருவில் எது செத்துக் கிடக்கிறது? குழாயா, தெருவிளக்கா? கீழே எழுதுங்கள். பிறந்த வருஷத்தை மட்டும் சரியாகப் போடுங்கள்.