நாலு மணிக்குக் கிளம்புகிறவர்

என் மாமியாரை ஒரே வருஷத்தில் மூன்று முறை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறேன். அந்த அம்மாளோ கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நானும் சோடாபுட்டி அண்ணனும் மட்டும்தான். நாலு மணிக்கு மேல் ஒருவர் இருந்தால் போதும். யாருக்கு அவசரமோ அவர் கிளம்பட்டும் என்று பெரிய டாக்டர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அவசரத்தை யார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது? அண்ணன் குடியிருந்தது இரண்டாவது மாடி. அங்கே மாதம் நான்கு முறை வெள்ளம் புகுந்தது.

புளுகிப் புளுகி இருவருக்கும் அலுத்துப்போனது. ஒருநாள் அண்ணன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இனிமே காரணமே வேணாம்பா. ஒரு தடவை நீ போ, அடுத்த தடவை நான். என் முறையை நான் எடுக்கிற வரைக்கும் உனக்குக் கிடையாது."

அதன்பின் பொய்க்கு வேலையில்லை. முறையை வீணாக்கினால் நஷ்டம் நமக்குத்தான். தேவைப்படாத நாளில் இருவருமே கடைசிவரை இருந்தோம். எனக்குத்தான் முழுசாகப் புத்தி வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, என் முறையைச் செருப்பு வாங்கப் போய்த் தொலைத்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனைவி போன் செய்தாள். மார்பில் இருந்த கட்டிக்கு ரிசல்ட் வந்துவிட்டதாம், நாலரைக்கு டாக்டர் வரச் சொன்னாராம்.

"நான் தனியா போய்க்கிறேன், நீங்க அலையாதீங்க" என்றாள். குரல் நடுங்கியது.

அண்ணன் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லலாம். ஆனால் மாமியாரை மூன்று முறை படுக்கவைத்தவன் சொல்லப்போகும் உண்மை, என் காதுக்கே புளுகாகப் பட்டது.

"அண்ணே, முறை உங்களோடதுதான். இன்னிக்கு எனக்கு வேணும்."

என் முகத்தைப் பார்த்தார். வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கிளம்பு."

சாதாரணக் கட்டிதான். டாக்டர் அறையிலேயே அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும்தான். அந்த நாற்காலியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தால் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடம் போனேன்.

"அண்ணே, நேத்து எதுக்குப் போனேன்னு சொல்லிடறேன்."

"வேணாம்பா" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. "நீ சொன்னா, நேத்து நான் எதுக்குக் கிளம்பி நின்னேன்னு நானும் சொல்ல வேண்டியிருக்கும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.