சத்தமில்லாத சப்பாத்து

எட்வேட்டிடம் ஓம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் வீரக்குட்டி தன் கால்களைப் பற்றி யோசித்தான்.

இருவரும் ஸ்காபரோவில் கதவுப்பூட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று வேலை செய்தார்கள். எட்வேட் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். வருடா வருடம் நவம்பர் பிறந்ததும் தமையனையும் கூட்டிக்கொண்டு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விடுவார். அந்தத் தமையன் போன வசந்தத்தில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு எட்வேட் சாப்பாட்டறையில் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. வீரக்குட்டி கனடாவுக்கு வந்து ஒரு வருடம்தான். ஆங்கிலம் குறைவு. கதைக்காத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டதில் ஒரு சிநேகிதம் உண்டாகியிருந்தது.

ஒருநாள் எட்வேட் பாண் துண்டைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டார். "நீ உன் நாட்டில் மான் வேட்டைக்குப் போயிருக்கிறாய் என்று சொன்னாயல்லவா, வீரா?"

"போயிருக்கிறன். மச்சானோட. வெறுங்காலோட."

"என் கண் முந்தி மாதிரி இல்லை. சுடுவேன். ஆனால் மரத்துக்குள் நிற்கிற மானைக் கண்டுபிடித்துக் காட்ட ஒருத்தன் வேண்டும். நீ முன்னால் நட. துவக்கு என்னிடம் இருக்கட்டும். வருகிறாயா?"

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவனிடம் யாரும் இப்படி எதையும் கேட்டதில்லை. கொடுத்தார்கள், காட்டினார்கள், கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். உன் உதவி எனக்கு வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் எட்வேட்தான். அவன் உடனே தலையாட்டினான்.

அவன் நடை கொஞ்சம் சரிவு என்பது எட்வேட்டுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் விழுந்தது என்று வீரக்குட்டி முன்னமே ஒரு கதை சொல்லி வைத்திருந்தான். உண்மை வேறு. மட்டக்களப்பில் அவனை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய், கால் இரண்டையும் வாங்குப் பலகையோடு சேர்த்துக் கட்டி, பிளாஸ்ரிக் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். எலும்பு முறியவில்லை. குதிக்காலின் சதைதான் மெத்தென்று இருந்தது போய்த் தட்டையாகிவிட்டது. பாதத்தின் வளைவு இறங்கிவிட்டது. காலையில் முதல் அடி வைக்கும்போது கண்ணாடித் துண்டில் மிதிப்பது போல இருக்கும்.

இதெல்லாம் மனைவி தங்கேஸ்வரிக்குத் தெரியும். வேட்டைக்குப் போகும் கதையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தக் காலோடயா?"

"நல்ல சப்பாத்து வாங்கினாச் சரி."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டதால் தங்கேஸ்வரி மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை இருவரும் வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய மாடிக்கட்டடத்துக்குக் கிட்ட இருந்த ஒரு பழைய சப்பாத்துக் கடைக்குப் போனார்கள். கடையில் கிளடிஸ் என்ற நரைத்த பெண் மாத்திரம் நின்றாள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மானைத் தேடி நடப்பதற்கு என்று வீரக்குட்டி சொன்னதும் அவள் அவனை இருத்தி, காலுறையைக் கழற்றச் சொல்லி, இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு முன்னால் குந்தினாள்.

பாதத்தை ஒருதரம் பார்த்தாள். அவன் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"இந்தக் காலுக்குத் தாங்கல் வேண்டும்," என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள்.

அவள் கொண்டுவந்த சப்பாத்து கணுக்காலுக்கு மேலே ஏறுகிற தடித்த தோல். வளைவுக்குக் கீழே ஒரு மேடு. குதிக்காலைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு பிடி. அடியில் பல்லுப்பல்லாக வெட்டிய கெட்டி றப்பர். அவள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "எழும்பி நில்," என்றாள்.

வீரக்குட்டி எழும்பினான். நோவு இல்லை. யாரோ கீழேயிருந்து இரண்டு கையாலும் பாதத்தை ஏந்திப் பிடித்தது போல இருந்தது. நம்பமுடியாமல் தங்கேஸ்வரியைப் பார்த்தான். அவளும் சிரித்தாள்.

"நடந்து பாருங்க."

கடையின் பலகைத் தரையில் நடந்தான். டக். டக். டக்.

மூன்றாவது அடியில் அவனுக்கு வேர்த்தது. அந்தச் சத்தத்தை அவன் அறிவான். முகாமின் நடைக்கூடத்தில் அது தூரத்தில் தொடங்கும். கிட்ட வரும். சிலவேளை கதவைத் தாண்டிப் போகும். சிலவேளை கதவடியில் நிற்கும். இப்போது அது தன் காலிலிருந்தே வந்தது. கதிரையில் விழுவதுபோல இருந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"நோகுதா?" என்று தங்கேஸ்வரி குனிந்து கேட்டாள்.

"இல்ல. சத்தம் போடுது. மான் ஓடிரும்."

"காட்டு மண்ணில் இவ்வளவு கேட்காது," என்றாள் கிளடிஸ். "மேலால் ஒரு கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டால் இன்னும் குறையும்."

அவன் கேட்கவில்லை. தட்டில் இருந்த இன்னொன்றைக் காட்டினான். மெல்லிய தோலில் தைத்த, அடியும் மெத்தென்று வளைகிற குட்டைச் சப்பாத்து. போட்டுக்கொண்டு அதே தரையில் நடந்தான். பூனை நடந்த மாதிரி. குதிக்காலில் பழைய நோவு திரும்பி வந்தது. ஆனால் சத்தம் இல்லை.

"காட்டில் நடக்க இது நல்லதுதான். கீழே சுள்ளி கிடந்தாலும் மிதிக்குமுன் உனக்குத் தெரியும்," என்றாள் கிளடிஸ். "ஆனால் இது காலைப் பிடிக்காது. கல்லிலும் சரிவிலும் கணுக்கால் பிரண்டுவிடும். மற்றவனுக்கென்றால் தருவேன். உனக்கு வேண்டாம்."

தங்கேஸ்வரி தமிழில் மெல்லச் சொன்னாள். "அந்த மனிசி சொல்றதக் கேளுங்க. நீங்க நின்ட நிலையப் பாத்தன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அப்பிடி நிமிந்து நின்டீங்க."

"எனக்குத் தெரியும், தங்கேசு. இதுதான் வேணும்."

அவள் அவனையே பார்த்தாள். வேர்த்திருந்த நெற்றியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

நவம்பரில் எட்வேட்டின் ட்ரக்கில் வடக்கே போனார்கள். பாறையும் சதுப்பும் ஊசியிலை மரமுமான இடம். எட்வேட்டின் மரவீடு ஒரு சிறு குளத்தின் கரையில் இருந்தது. முதல் நாள் மழை தூறி, விழுந்து கிடந்த இலையெல்லாம் நனைந்து பதமாக இருந்தன. வீரக்குட்டி முன்னால் நடந்தான். பாதத்தின் வெளிவிளிம்பை முதலில் வைத்து, கீழே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்து, பிறகுதான் பாரத்தை இறக்கினான். நாலு அடி நடந்தால் நிற்பான். காற்று முகத்தில் படுகிறதா என்று பார்ப்பான்.

மத்தியானம் எட்வேட் கோப்பியை ஊற்றிக்கொண்டு சொன்னார். "இரண்டுதரம் நீ எங்கேயோ போய்விட்டாய் என்று நினைத்தேன். பார்த்தால் என் முன்னாலேயே நிற்கிறாய். என் அண்ணன் நடந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். தமையனைப் பற்றி அவர் சிரித்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

அன்று மானைக் காணவில்லை. ஆனாலும் வீரக்குட்டிக்கு அது நல்ல நாள். பின்னால் ஒருவன் துவக்கோடு வருகிறான், அதற்கு அவன் பயப்படவில்லை. மரவீட்டுக்குத் திரும்பியதும் எட்வேட்டின் கண்ணில் படாமல் குளத்துக்குப் போய்க் கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் வீங்கியிருந்தன. நாளைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும் என்று நினைத்தான்.

அடுத்த நாள் காலையில் அவன்தான் மானைக் கண்டான். ஒரு பாறைச் சரிவின் அடியில், செடிகளுக்கு நடுவே, முதலில் ஒரு காது. பிறகு கழுத்து. கொம்பு வைத்த கலைமான். கையை மெல்ல உயர்த்தினான். எட்வேட் பின்னால் நின்றார். அங்கிருந்து அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

வீரக்குட்டி சரிவில் இறங்கினான். சத்தமில்லை. மான் தலையைக் குனிந்து மேய்ந்தது. எட்வேட் அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து துவக்கை உயர்த்தினார். அவருக்கு இடம்விட்டு வீரக்குட்டி ஒரு அடி விலகினான். ஈரப்பாசி படிந்த பாறை. சப்பாத்தின் மெல்லிய அடி பாறையோடு வளைந்தது. அவன் பாதம் அதோடு சேர்ந்து வளைந்து, கணுக்கால் உள்ளுக்குள் மடிந்தது. அவனை அறியாமல் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மான் துள்ளித் திரும்பியது. அதே கணத்தில் எட்வேட்டின் விரல் விசையை அழுத்திவிட்டது.

மான் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு சதுப்புப் பக்கமாக ஓடியது.

எட்வேட் இறங்கிப் போய், அது நின்ற இடத்தில் குந்திப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. "வயிற்றில் பட்டுவிட்டது. இரத்தத்தோடு அது மேய்ந்த பச்சையும் கிடக்கிறது."

வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது என்று வீரக்குட்டிக்குத் தெரியும். எங்காவது போய்ப் படுக்கும். துரத்தினால் எழும்பி இன்னும் ஓடும். பொறுத்திருந்து, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போய், அதை முடிக்க வேண்டும். சுட்டவனுக்கு அது கடமை. "நான் பாத்துத் தாறன்," என்று எழும்பினான். கால் நிற்கவில்லை. இன்னொருதரம் எழும்பி அப்படியே விழுந்தான்.

பனிமேகம் மூடி வானம் இருண்டு கொண்டு வந்தது. எட்வேட் சதுப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். துவக்கிலிருந்த தோட்டாவைக் கழற்றினார்.

"என்னை விட்டுட்டுப் போங்க," என்றான் வீரக்குட்டி. "மானப் பாருங்க."

"அலட்டாதே. கையைத் தோளில் போடு."

அந்தப் பெரிய மனிதர் அவனைப் பாதி தூக்கிப் பாதி இழுத்துக்கொண்டு பாறையும் சேறும் தாண்டி வந்தார். மூச்சு வாங்கியது. வழியில் பனி கொட்டத் தொடங்கியது. மரவீட்டை அடைந்தபோது வந்த தடம்கூட மறைந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் எட்வேட் தனியே போய்ச் சதுப்பு முழுக்கத் தேடினார். எல்லாம் வெள்ளை. இடுப்புவரை நனைந்து வெறுங்கையோடு வந்தார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் வீரக்குட்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ட்ரக்கை நேரே ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விட்டார். தங்கேஸ்வரியும் வந்து சேர்ந்தாள். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், கணுக்கால் தசைநார் கிழிந்திருக்கிறது, அது ஆறும் என்றார். பிறகு மற்றக் காலையும் திருப்பிப் பார்த்து, "இது நேற்று நடந்ததல்ல. என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"மோட்டார் சைக்கிள்," என்றான் வீரக்குட்டி.

தங்கேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஆமி," என்றாள். "அடிச்சது. குழாய்." தன் உள்ளங்கையில் அடித்துக் காட்டினாள். கேட்ட சத்தத்தில் அவளுக்கே அழுகை வந்தது. எட்வேட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றிருந்தார்.

நின்று செய்கிற வேலை இனிக் கூடாது என்று டொக்டர் சொன்னார். சப்பாத்தால் நோவைக் குறைக்கலாம், பாதத்தைப் பழையபடி ஆக்க முடியாது என்றார்.

வெளியே வந்ததும் எட்வேட் மெல்லிய குரலில் சொன்னார். "எனக்குச் சொல்லியிருந்தால் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டேன்."

"அதாலதான் சொல்லல்ல," என்றான் வீரக்குட்டி.

வீட்டில் அவன் இரண்டு நாள் மனைவியோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டான். "ஏன் அந்த மனுசனுக்கு முன்னால சொன்னாய்?"

"டொக்டர் கேட்டாரு. நான் வேறென்ன செய்ய? உங்கட காலுக்குத்தானே சொன்னன்."

"காலுக்குச் சரி," என்றான். "எனக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான், தங்கேசு. அந்தாளுக்கு நான் வேட்டைக்காரன். இனி நான் ஆரு?"

அவள் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

கால் ஆறி வேலைக்குப் போனபோது அவனுக்கு ஒரு மூலையில் கதிரை போட்டிருந்தார்கள். திருகாணிகளைத் தரம் பிரிக்கிற வேலை. எட்வேட்தான் சூப்பவைசரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி ஒழுங்கு செய்திருந்தார். நல்ல மனதோடு செய்தது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் எல்லோரும் அவனோடு தணிந்த குரலில் பேசினார்கள். பெட்டி தூக்கப் போனால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். பகிடி விட்டுச் சிரிப்பதில்லை. ஒருவன்கூட அவனிடம் ஒரு உதவி கேட்கவில்லை.

அடுத்த நவம்பரில் எட்வேட் மருமகனைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்வந்தார். வந்த அன்று சாப்பாட்டறையில் அதைப் பற்றிக் கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வீரக்குட்டி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. எட்வேட் அவசரமாக எழும்பி அவனுக்காக ஒரு கதிரையை இழுத்து வைத்தார்.

வீரக்குட்டி நன்றி சொல்லிவிட்டு அதில் இருந்தான்.