மகள் பிழிந்த திராட்சை

ஓட்டலில் ஒயினைச் சோதித்து வாங்குகிற வேலை பார்த்த அவருக்கு மூக்கு என்று பெயர். முதலாளி முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒயின் கிளாஸை முகத்தருகே கொண்டுபோன மாத்திரத்தில், "இது வேண்டாம், திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? குறை சொல்லத்தான் அவருக்கு ஆயிரம் வார்த்தை. பாராட்ட ஒன்றே ஒன்று, "பரவாயில்லை". எப்பேர்ப்பட்ட ஒயினாக இருந்தாலும் அதற்குமேல் வாயிலிருந்து ஒரு சொல் பெயராது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். மூக்கு அந்தக் காக்கையைவிடக் கறார். ஒரே மகள், அப்பாவின் தொழிலைப் பார்த்து ஆசைப்பட்டு ஒயின் செய்யப் படித்து, ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் தான் செய்ததில் ஒரு பாட்டில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எப்படிப்பா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"பரவாயில்ல."

"பெத்த பொண்ணுக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை வராதா உங்களுக்கு?" என்று மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"பொய்யா புகழ்ந்தா அவ வேலைதான் கெட்டுப்போகும்" என்பார் இவர். மகள் கிளாஸைக் கழுவி வைப்பாள்.

கடைசியாக அவள் கொண்டுவந்த பாட்டில் வேறு மாதிரி. ஷார்டனே என்கிற வெள்ளைத் திராட்சையை மட்டுமே போட்டு, வெயிலும் குளிரும் ஒத்துவந்த ஒரு நல்ல வருஷத்து அறுவடையில் மட்டும் செய்த, குமிழி பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயின். பழம் பறிக்க நாள் குறித்தது, பிழிந்தது, நிலவறையில் பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்தது எல்லாம் அவள் கை. ஒயினின் நிறம் தெரியவேண்டும் என்று நிறமில்லாத கண்ணாடி பாட்டில். அதன்மேல் மஞ்சள் தாள் சுற்றியிருந்தது.

"இப்ப திறக்கக் கூடாதுப்பா. இன்னும் சில வருஷம் இருந்தாத்தான் இதோட அருமை தெரியும். நீங்க ரிட்டயர் ஆகிற அன்னிக்குத் திறப்போம். அன்னிக்கும் பரவாயில்லன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

அடுத்த மழைக்காலத்தில் ஒரு லாரி அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெற்றவர்களுக்கு நேரக்கூடாத கொடுமை அது. நேர்ந்துவிட்டது.

வாரக்கணக்கில் மனைவி பேசவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. பிறகு ஒரு காலையில் எழுந்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைத்து, மகளின் போட்டோவை வைத்தாள். பக்கத்தில், மஞ்சள் தாளைப் பிரித்து எறிந்துவிட்டு, அந்த பாட்டிலை நிறுத்தினாள். மேலே இருந்த சின்ன டியூப்லைட்டைப் போட்டாள். உள்ளே ஒயின் பொன்னாக மின்னியது.

"எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க." இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் டியூப்லைட்டைப் பார்த்தார். இந்த ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது. அந்தத் தாளைச் சுற்றியதே அதற்காகத்தான். ஓட்டலில் யாராவது இப்படி வைத்திருந்தால் கூரையைப் பிய்த்திருப்பார். இங்கே எப்படிச் சொல்வது? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சவா?

"அழகாத்தான் இருக்கு" என்றார்.

ஒருமுறை லைட்டை அணைத்துப் பார்த்தார். மனைவி ஓடிவந்து திரும்பப் போட்டாள். "பிள்ளை இருட்டுலயா இருக்கும்?" என்றாள். அதன்பிறகு அவர் அந்த ஸ்விட்ச் பக்கமே போகவில்லை.

ரிட்டயர் ஆன அன்று ஓட்டலில், வேறென்ன, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மனைவி பாட்டிலை ஒரு வாளி ஐஸில் வைத்து, இரண்டு கிளாஸைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒயினை நாக்கில் வைத்துப் பார்க்காதவள் அவள்.

"திறங்க. அவ என்ன செஞ்சிருக்கான்னு சொல்லுங்க."

பாட்டில் வாயில் இருந்த கம்பி முடிச்சை அவிழ்த்தார். கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருகினார். டப்பென்ற சத்தமில்லாமல் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு கார்க் வந்தது. ஊற்றினார். ஊசிமுனைக் குமிழிகள் நூல் பிடித்தாற்போல் ஏறிவந்தன. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்.

வெந்து அவிந்த முட்டைகோஸ் வாசனை. வெளிச்சம் பட்டுக் கெட்ட ஒயினின் வாசனைதான், சந்தேகமே இல்லை. செத்துப்போயிருந்தது.

மனைவி அதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இப்படித்தான் நாறுமா இது?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்க முகம் எனக்குத் தெரியாதா? கெட்டுப்போச்சு, அதானே? அவ சரியாச் செய்யலையா?"

"அவ மேல ஒரு குறையும் இல்ல." குரல் உயர்ந்துவிட்டது. "வீட்டுல வச்ச இடம் சரியில்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். நான்தான் கெடுத்தேன்."

எல்லாம் உண்மைதான். லைட்டைப் பற்றியும் தாளைப் பற்றியும் மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மனைவி எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "ஊரான் பாட்டிலையெல்லாம் கண்ணுல வச்சுக் காப்பாத்தினீங்களே, உங்க பொண்ணு பாட்டில் ஒண்ணைக் காப்பாத்த முடியலையா? பாவி மனுஷா! அவ கொடுத்தது இது ஒண்ணுதானே இருந்துச்சு!" மார்பில் குத்தினாள். குத்திக் குத்தி ஓய்ந்து, அங்கேயே முகம் புதைத்து, இத்தனை வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவர் கையைத் தொங்கவிட்டு நின்றார். எவ்வளவு அடித்தாலும் தகும் என்றிருந்தது அவருக்கு.

அவள் தேம்பல் அடங்கியதும் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கில் நிறுத்தினார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது சும்மா இல்லை. வாசனை போனாலும் உள்ளே ஒயினின் முதுகெலும்பு நிமிர்ந்து நின்றது. கத்தி மாதிரி சுத்தமான புளிப்பு, பட்டாக உடையும் குமிழி, தொண்டையைத் தாண்டியும் விலகாத ருசி. சரியான நாளில் பறித்திருக்கிறாள். பதமாகப் பிழிந்திருக்கிறாள்.

"எலுமிச்சைத் தோல் வாசனை இருந்திருக்கும்" என்றார். "பச்சை ஆப்பிள். அடியில சுட்ட ரொட்டி. இவ்வளவு நல்லா என் சர்வீஸ்ல யாரும் செஞ்சு பார்த்ததில்ல நான். இதை அவகிட்டச் சொல்லியிருக்கணும்."

வேலையில் கெட்டதைத் துப்பிவிடுவதுதான் பழக்கம். அவர் மிச்சத்தையும் விழுங்கினார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கிளாஸை நீட்டினாள்.

"எனக்கும் ஊத்துங்க."