வள்ளத்தில் எழும்பி நிற்கக் கூடாது

நிக்கலஸ் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவி செலீனா பூசையில் இருப்பதுபோல வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

விபோர்க் என்ற டேனிஷ் ஊரில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, ஆற்றில் கனோ என்ற ஒடுக்கமான வள்ளம் ஓட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. நிக்கலஸ்தான் தலைவன். போன வருடம் பிரெடெரிசியா நகரிலிருந்து வந்தவன். கனோ ஓட்டப் படித்தவன், தொப்பை இல்லாதவன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது, வள்ளத்தில் எழும்பி நிற்கக் கூடாது, இரு கரையும் பயிர் செய்யும் கமக்காரரின் சொந்தக் காணி என்பதால் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, கூடாரமும் நெருப்பும் அதற்கென்று விட்ட இடத்தில் மட்டும் என்றான்.

நான் மன்னார்க்காரன். எங்கள் அப்பாவிடம் மூன்று வள்ளங்கள் இருந்தன. மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குகிறாயோ என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், செலீனா சிரிக்கவில்லை.

உண்மையில் எனக்கு நீந்தத் தெரியாது. அது செலீனாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆனால் கொஞ்ச நாளாக அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்று நிக்கலஸுடன் போனில் கதைப்பதும், நான் வந்தால் குரலைத் தணிப்பதுமாக இருந்தாள். என் குட்டை அவனிடம் உடைத்துவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம்.

புறப்படும்போது நிக்கலஸ் ஒரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினான். வேண்டாம் என்றேன்.

"அது போடாட்டி நான் உங்கட வள்ளத்தில ஏறமாட்டன்" என்றாள் செலீனா. சொன்னதோடு நிற்காமல் போய் நிக்கலஸின் கனோவில் ஏறிக்கொண்டாள்.

நிக்கலஸ் என்னிடம் மன்றாடிப் பார்த்தான். அவன் பேச்சைக் கேட்காமல் தனியே தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். முதல் வளைவில் அவர்கள் என்னை நெருங்கினார்கள். அவன் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா வள்ளத்தில் நின்று மரக்கோலால் தாங்கித் தள்ளுவாரே, அப்படி எழும்பி நின்று துடுப்பை ஊன்றினேன்.

கனோ ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் போனேன். தண்ணீர் மூக்குக்குள் ஏறியது. மாதாவைக் கூப்பிட்டேன், செலீனாவையும் கூப்பிட்டேன்.

"அண்ணை, எழும்பி நில்லுங்கோ" என்றான் நிக்கலஸ்.

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

குளிர் தாங்காமல் கரையில் ஏறப் போனேன். அது கமக்காரன்ர சொந்தக் காணி, கொஞ்சம் பொறுங்கோ என்றான் நிக்கலஸ். வேலிக்கு அப்பால் மாடுகளோடு நின்ற டேனிஷ்காரரிடம் அவன் பணிவாகக் கேட்க, அந்த மனிதர் உடனே தலையாட்டினார். காணிக்காரனும் அவன் பக்கம்.

புல்லில் இருத்தி செலீனா என் தலையைத் துவட்டினாள். அவனுக்குக் கேட்காமல் கேட்டேன்: "எனக்கு நீந்தத் தெரியாதெண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"நான் ஏன் சொல்லுறன்? என்ர மனுசனுக்கு வயிறு பெருசு, கடையில இருக்கிற ஜாக்கெட் அளவு காணாது, பெரிய அளவு ஒண்டு தேடித் தாங்கோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் கரைச்சல் குடுத்தனான். அவன் தூரத்தில இருக்கிற கிரின்ஸ்டெட் வரைக்கும் ஓடிப்போய் வாங்கி வந்தவன்."

அந்த லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தேன், அளவு சரி. நிக்கலஸ் பட்டியை இறுக்கிவிடக் கிட்ட வந்தான்.

"விடுங்கோ தம்பி, அது என்ர வேலை" என்று செலீனா அவனை விலக்கினாள். எனக்கு மூச்சு முட்டும்வரை இறுக்கினாள். பிறகு நிக்கலஸ் கரைக்கு இழுத்துவந்த என் கனோவில் முன்னுக்கு ஏறி இருந்துகொண்டு, துடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.