மூன்றாவது கம்பி

"அப்பா, அந்த ஊர்ல உன்னை யாருக்காவது தெரியுமா?"

மகளுக்கு அப்போது ஆறு வயது. பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த லிஃப்ட் பரிசோதகர் யோசிக்காமலே பதில் சொன்னார்.

"ஒருத்தருக்கும் தெரியாது குட்டி. அதுதான் அந்த ஊரோட சுகமே."

"அப்போ நீ கீழ விழுந்தா யார் தூக்குவாங்க?"

அவர் சிரித்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினார். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

அவருடைய கம்பெனி விற்ற லிஃப்டுகள் கடல் கடந்து அந்த ஊரில் நாற்பது கட்டடங்களில் ஓடின. வருடத்துக்கு ஒருமுறை அவர் போய்ச் சிலவற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை நான்கு நாள். அதற்கு மேல் தன் சொந்த விடுப்பில் இரண்டு நாள் தங்குவார். ஆற்றங்கரையில் நடப்பார், படகில் போவார், பழைய புத்தகக் கடைகளில் நின்று வாசிப்பார். வேலை முடிந்த கணமே போனை அணைத்துவிடுவார். திரும்பும் விமானத்தில் ஏறும்போதுதான் அது மறுபடி உயிர்பெறும். "உங்க சின்ன வீடு சௌக்கியமா?" என்று மனைவி கேட்பாள். அந்த ஊருக்கு வீட்டிலும் ஆபீசிலும் அதுதான் பெயர்.

கம்பெனியில் அவருக்கு 'எண்ணு சார்' என்று பெயர். அதற்கும் காரணம் உண்டு. லிஃப்டுக்கு ஒரு நல்ல குணம்: எந்த மாடியிலாவது கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் அது இருந்த இடத்தை விட்டு நகராது. ஆனால் சோதனையின்போது கதவைத் திறந்து வைத்தே அதை நகர்த்த வேண்டியிருக்கும். அதற்காக உச்சியில் உள்ள இயந்திர அறைக்குப் போய், அங்கே மின்பெட்டிக்குள் இருக்கும் இரண்டு முனைகளை ஒரு சிவப்புக் கம்பியால் இணைப்பார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்று லிஃப்டை நம்பவைக்கும் ஒரு சின்னப் பொய் அது. வேலை முடிந்ததும் அந்தப் பொய்யைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் லிஃப்ட் கதவு திறந்திருக்கும்போதே கிளம்பிப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பரிசோதகரிடமும் மூன்றே கம்பிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் அவரவர் எண் ஒட்டியிருக்கும். "மூணு போனா மூணு வரணும். எண்ணு" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் ஓதாத நாள் கிடையாது.

போன வருடம் ஊர் திரும்பிக் கருவிப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு கம்பிகள்தான் இருந்தன.

ஓட்டல் அறையில் விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு புதுக் கம்பியை வெட்டி எண்ணை ஒட்டினார். பதிவேட்டில் 'மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் பிரயாசைப்பட்டார் என்பதே சரி.

இந்த வருடம் வேலை வெள்ளிக்கிழமை முடிந்தது. சனிக்கிழமை காலை ஆற்றங்கரைக்குப் போகும் தெருவில் அவர் சாவகாசமாக நடந்தார். முன்னால் ஒரு அம்மா இரண்டு கைகளிலும் கனத்த பைகளோடு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துப் போய்க்கொண்டிருந்தார். கடந்து போயிருக்கலாம். பை ஒன்றின் காது அறுந்து உருளைக்கிழங்குகள் நடைபாதையில் ஓடின. அவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். நிமிர்ந்தபோது இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"அட, லிஃப்டுத் தம்பி" என்றார் அந்த அம்மா, நம் பாஷையில்.

அந்தத் தெருவின் ஆறுமாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரம்மா அவர். நம் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் பிழைக்கப் போனவர். போன வருடத்தின் கடைசிச் சோதனை அந்தக் கட்டடத்தில்தான். இயந்திர அறையில் விளக்கு எரியாததால் அந்த அம்மாதான் டார்ச் பிடித்தார்.

"குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"தூக்குங்க, தூக்குங்க. இந்த வருஷமாவது போனை ஆன் பண்ணி வச்சிருக்கீங்களா?"

பரிசோதகருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் போன் அணைந்திருப்பது இந்த ஊரில் யாருக்கும் தெரிய நியாயமில்லை. சும்மா சிரித்துவைத்தார்.

காவல்காரம்மாவின் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. செங்குத்தாகப் பதினோரு படிகள், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த அம்மா பக்கவாட்டில் திரும்பி, இடது உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினார். கை பட்டுப் பட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது.

"காலுக்கு என்னக்கா ஆச்சு?"

"உக்காருங்க. தேத்தண்ணி போடுறேன். உங்க சாமான் ஒண்ணும் என்கிட்ட கிடக்கு."

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவைத் திறந்தார். அதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு சாண் நீளச் சிவப்புக் கம்பி. அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் பரிசோதகரின் எண்.

பரிசோதகர் அதைத் தொடவில்லை.

"நீங்க கிளம்பிப் போன மறுநாள் காலையில" என்று காவல்காரம்மா, அரிசி விலை சொல்கிற குரலில் ஆரம்பித்தார். "மூணாவது மாடியில கூட்டிட்டு இருக்கேன். யாரோ கதவைச் சரியா சாத்தாம விட்டுட்டுப் போயிருக்காங்க. வழக்கமா லிஃப்ட் அங்கேயே நிக்கும்ல? அன்னிக்கு ஆறாவது மாடிக்காரர் பட்டனை அமுக்கினதும் அது பாட்டுக்கு மேல போயிடுச்சு. திறந்த கதவு, உள்ள ஒரே இருட்டு. பள்ளிக்கூடத்துக்கு லேட்டுன்னு அந்த மாடிப் புள்ள ஓடி வருது. ஏழு வயசு. ஒரு கால் உள்ள வச்சிடுச்சு தம்பி. அதோட முதுகுப்பைப் பட்டையைப் பிடிச்சு இழுத்தேன். கையில இருந்த விளக்குமாறு உள்ள விழுந்துடுச்சு, அது தரைக்குப் போய்ச் சேர்ந்த சத்தம் கேக்கவே எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?"

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"புள்ளைக்கு..."

"ஒண்ணும் ஆகலை. அது என்னைத்தான் திட்டுச்சு, முதுகுப்பைப் பட்டையை அறுத்துட்டேன்னு."

தேநீர் வந்தது. அவர் கோப்பையைப் பிடித்தார். குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு அப்பவே உங்க கம்பி ஞாபகம் வந்துடுச்சு. நீங்க மாட்டினதைப் பாத்தேன், எடுத்ததைப் பாக்கலை. நேரா மேல போயி மெயினை அணைச்சேன். 'லிஃப்ட் ஓடாது'ன்னு ஒரு அட்டை எழுதி மாட்டினேன். அப்புறம் நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருந்த நம்பருக்கு அடிச்சேன். ரெண்டு நாள், இருபத்திமூணு தடவை. நானும் விடலை, உங்க போனும் அசையலை."

போன வருடம் விமானத்தில் போனைத் திறந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்ததைப் பரிசோதகர் நினைத்துக்கொண்டார். கடன் அட்டை விற்கிறவர்கள் என்று நினைத்து ஒரே தேய்ப்பில் அழித்திருந்தார். அந்த இரண்டு நாளும் நாழிகை நாழிகையாக அவருக்கு நினைவிருந்தது. அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை. குழந்தையின் கால் இருட்டுக்குள் இறங்கிய அந்த நேரத்தில் அவர் படகுத் துறையில் பறவைகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், அங்கே போகிற அவசரத்தில்தான் முந்தைய நாள் கம்பிகளை எண்ணாமல் பெட்டியை மூடினார். இரண்டு மணிப் படகு.

"ரெண்டு நாளும் லிஃப்ட் இல்லாம என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது, நான்தான் லிஃப்டு. ஆறாவது மாடியில ஒரு வாத்தியார், பக்கவாதம். அவருக்கு மூணு வேளைச் சாப்பாடு, தண்ணிக் கேன். அஞ்சாவது மாடியில பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, அவ துணிமணி. ரெண்டாம் நாள் சாயங்காலம் கேனோட நாலாவது மாடித் திருப்பத்துல வழுக்கிட்டேன். முட்டி அன்னிலேருந்து இப்படித்தான். மழை வந்தா வானிலை அறிக்கை சொல்லும்." அந்த அம்மா முழங்காலைத் தட்டிச் சிரித்தார். "மூணாம் நாள் எனக்குத் தெரிஞ்ச உள்ளூர் மெக்கானிக் வெளியூர்லேருந்து திரும்பி வந்து கம்பியை எடுத்தாரு. கத்தினாரு பாருங்க ஒரு கத்து. நான்தான், வயசுல மூத்தவ கேக்குறேன், விட்டுடுன்னு சொன்னேன்."

"கம்பெனியோட இந்த ஊர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தா அரை மணியில ஆள் வந்திருக்குமே. ஏன்க்கா போடலை?"

"போடத்தான் எடுத்தேன்." காவல்காரம்மா தன் கோப்பையைத் துடைத்தார். "டார்ச் பிடிச்சப்போ உங்க பொண்ணு படம் காட்டுனீங்க, முன்பல் இல்லாம. அது கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. மெயினை அணைச்சாச்சு, இனிமே யார் உயிருக்கும் ஒண்ணும் இல்லை. மிச்சம் இருந்தது என் கால் வலி மட்டும்தான். அதுக்காக ஒரு வீட்டு அடுப்பை எதுக்கு அணைக்கணும்? நான் பண்ணினது சரியோ தப்போ, சாமிகிட்ட சொல்லியாச்சு. நீங்களும் உங்க கணக்கை அவர்கிட்டயே சொல்லிக்குங்க."

பரிசோதகர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். நாற்பத்திரண்டு வயது மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அம்மா ஆறிப்போன தேநீரை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

"குடிங்க. அப்புறம் உங்க கம்பியை எடுத்துக்கிட்டு, அந்தக் கிழங்குப் பையை மேசைக்கு அடியில வச்சிட்டுப் போங்க. நாளைக்குப் பாக்கணும்னாலும் காலையில வராதீங்க. ஞாயித்துக்கிழமை எட்டுலேருந்து பத்து வரைக்கும் கும்பிடப் போயிடுவேன். அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் இந்தக் கட்டடத்துக்கு நான் கிடையாது."

வெளியே வந்ததும் ஆறு அதே ஆறாகத்தான் ஓடியது. ஆனால் அவருடைய கால் அந்தப் பக்கம் போகவில்லை. யாருக்கும் தன்னைத் தெரியாது என்று நினைத்து அவர் கைவீசி நடந்த தெருவில், ஒருவர் ஒரு வருடமாக அவருடைய பிழையைச் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கடவுள் சில பேரை நம் தவறுகளுக்குப் பக்கத்திலேயே குடிவைக்கிறார். நமக்குத்தான் முகவரி தெரிவதில்லை. அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தார். கம்பெனி மேலாளரின் எண்ணை அழுத்தினார்.

"என்னப்பா, சின்ன வீட்டுல இருந்து போன் வருது? உலகம் அழியப் போகுதா?" என்றார் மேலாளர்.

"சார், போன வருஷப் பதிவேட்டுல மூணு கம்பின்னு எழுதியிருக்கேன். வந்தது ரெண்டுதான். மூணாவது லிஃப்டுக்குள்ள இருந்துச்சு."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"யாருக்காவது...?"

"இல்லை சார். ஒருத்தங்க பாத்துக்கிட்டாங்க."

"நீயா இப்படி? ஊருக்கெல்லாம் எண்ணு எண்ணுன்னு... வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, சொல்லிட்டேன். திங்கட்கிழமை வா. உன் கையாலேயே எழுதிக் குடு."

"எழுதித் தர்றேன் சார்."

அடுத்து வீட்டுக்கு அடித்தார். மகள்தான் எடுத்தாள். லீவு நாளில் அப்பாவின் குரலைக் கேட்டு அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அங்க யாரையாவது பாத்தியாப்பா?"

"உனக்கு ஒரு அத்தையைப் பாத்தேன்" என்றார் அவர். மேலே கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் அவர் படகுத் துறைக்குப் போகவில்லை. மரக்கடையில் வழவழப்பான நீள உருண்டைக் கட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்து, சாய்த்துப் பார்த்து வாங்கினார். எதிர்க்கடையில் ஆறு இரும்புத் தாங்கிகளும் திருகாணிகளும் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கம்பெனிச் சீருடையில் கட்டடத்துக்குள் நுழைந்தார். கருவிப் பெட்டியோடு அந்த உடையில் வருகிறவனை எந்த ஊரிலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கூடத்தில் ஒருவரும் இல்லை. மாடிகள் விடுமுறைத் தூக்கத்தில் இருந்தன. அடித்தளப் படிகளின் நடுவில் நின்று அளவு நாடாவை எடுத்தவர், அதை மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார். எந்த உயரம் என்று சுவரில் இருந்த அழுக்குக் கோடே சொன்னது.

அந்தக் கோட்டின் மேலேயே துளையிட்டார். தாங்கிகளை முறுக்கினார். கட்டையைப் பொருத்தி, அதன் இரண்டு நுனிகளையும் கை கீறாதபடி உப்புத்தாளால் தேய்த்து உருட்டினார். பிறகு மேல்படியிலிருந்து ஒவ்வொரு தாங்கியாக, தன் எண்பது கிலோவையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். நான்காவது லேசாக முனகியது. அதைக் கழற்றி, நீளமான திருகாணி போட்டு, மறுபடி தொங்கினார். இப்போது சத்தமில்லை.

தரையில் விழுந்த சுண்ணாம்புத் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கீழ்ப்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து சிவப்புக் கம்பிகளை எண்ணினார். பழையவை இரண்டு, அந்த அம்மா கொடுத்தது ஒன்று. மூன்று. பொய்யாக வெட்டிச் செய்த நான்காவதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை எண்ணினார். பெட்டியை மூடி, புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.