சத்தம் போடாத காற்றாடி

1

"நம்மூருக் குளுருக்கு அந்தப் பொட்டிக்கு எதுக்குங்க காத்தாடி?"

"உள்ளார வேகுது, இந்தா. பத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரு கொதிக்குது."

"சத்தம் போடாததுதானுங்களே?"

"ரெண்டு வாங்கியாந்திருக்கறேன். மாட்டறேன், நீ கேட்டுச் சொல்லு."

"அடேங்கப்பா! இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் என்னையக் கேக்கச் சொல்றீங்க."

1997இல், அடிவாரம் தாண்டி பஸ் மலையேறும்போது முன் சீட்டுக் கணவன் மனைவி பேசி நான் கேட்டது இவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் முடிந்தன. அவர் ஒரு தடவைகூட அவள் பெயரைச் சொல்லவில்லை. ஏற்காட்டில் இறங்கிப் போய்விட்டார்கள். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

குடும்பக் கதை எழுதுகிறவள் நான். முதலில் பெயர் வைத்துவிடுவேன். அவருக்குச் சின்னையன், கடைவீதியில், வீட்டின் முன்னறையில், கம்ப்யூட்டர் டைப்பிங் தொழில். அவளுக்குப் பாவாயி.

[மூடுபனி மலையை மெல்லத் தழுவ...] வேண்டாம்.

[பாவாயியின் கண்களில் ஏதோ ஓர்...] இதுவும் வேண்டாம்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் மாமியார் பெயரும் பாவாயி. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி மனைவியை எப்படி ஏவுவது? தாலி ஏறிய அன்றே அவள் பெயர் போயிற்று. பத்தொன்பது வருடமாக அவள் 'இந்தா'. தை மாதம் மாமியார் இறந்தார். இனிமேலாவது கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். கேட்க வாய் வரவில்லை.

3

ஒரு மத்தியானம் சின்னையன் பத்திரிகைக் கட்டோடு வாழவந்திக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேசையைத் துடைத்தவளுக்குக் காற்றாடி இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

பாவாயி. பாவாயி.

துணியோடு அப்படியே நின்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். பேய் மூன்று முறை கூப்பிடாது என்பார்கள். மூன்றாவது வரவில்லை.

(பயத்தைவிட, 'ஏனுங்க' என்று சொல்லிவிடும் ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது.)

"சத்தம் காதத் தொளைக்குது, மாத்துங்க," என்று மட்டும் கணவரிடம் சொன்னாள். அதனால்தான் அந்தச் சேலம் பயணம், அந்த இரண்டு காற்றாடிகள்.

4

ஒன்று பால் பேரிங் வைத்தது, சின்னக் குண்டுகள்மேல் சுழல்வது. நெடுநாள் உழைக்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே உறுமும். மற்றது புஷ் வைத்தது, எண்ணெய் ஊறிய வளையத்துக்குள் சுழல்வது. மூச்சுவிடும் சத்தம்கூட இருக்காது. எண்ணெய் வற்றினால் ஆயுள் போச்சு.

முதலாவதை மாட்டினார். பாவாயி. பாவாயி.

இரண்டாவதை மாட்டினார். இரைச்சல் இல்லாததால் இன்னும் தெளிவாக: பாவாயி. பாவாயி.

"இதும் ஆகாதுங்க."

"ஒண்ணுமே கேக்கலையே! எங்கம்மாகூடச் சோத்துக்குத்தான் கொற சொன்னாங்க. நீ காத்துக்கும் சொல்ற."

இங்கே எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது.

முடிவு அ: சின்னையன் கண்கலங்கித் தானாகவே அவள் பெயரைச் சொல்கிறார். என் வாசகியர் அழுவார்கள். ஆனால் அந்த பஸ்ஸில் பார்த்த மனிதர் அதைச் செய்யமாட்டார்.

முடிவு ஆ: அது மாமியாரின் ஆவி. இருக்காது. எந்த மாமியார் தன் பெயரைத் தானே கூப்பிடுவார்?

முடிவு இ:

இதை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். எழுதும்போது முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 'பாவாயி' என்று எழுதினால் வாயும் சொல்லும். சோதித்துப் பார்த்தேன். நான் எழுதியபோதெல்லாம் அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். எழுதாதபோது, புஷ் காற்றாடியில் எதுவும் கேட்கவில்லை.

குரல் என்னுடையதுதான்.

(நீங்களும் இத்தனை நேரம் மனதுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அவளுக்கு அதுவும் கேட்டிருக்கும்.)

எந்தக் காற்றாடியை வாங்கினாலும் நாம் நிறுத்தாமல் அது நிற்காது. எனவே, இனி நான் அந்தப் பெயரை எழுதமாட்டேன். நீங்களும் திரும்பிப் போய்ப் படிக்காதீர்கள்.

5

புஷ் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. நெடுநேரம் கேட்டாள். அவளைக் கூப்பிட இப்போது யாருமே இல்லை.

சின்னையன் திருப்புளியைக் கீழே வைத்தார். "இப்பவாச்சும் சரியா, இந்தா?"

[அவள் சரி என்று தலையசைத்...]

இல்லை. அவள் அசைக்கவில்லை.

"ஏனுங்க, அத்தைதான் போயிட்டாங்களே. ஒருக்கா எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."