டர்போ இழுக்கும்போது வரும் சத்தம்

எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். செக்காலையில் பட்டறை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வாயால் போன வாடிக்கைக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டால் வாசலில் நிற்க இடம் போதாது. ஆனால் போன வைகாசியில் நடந்தது வேறு. அன்றைக்கு நான் அவசரப்பட்டு விட்ட ஒரு வார்த்தையால் ஒரு மனுஷனுக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போக இருந்தது.

காலை பத்து மணி இருக்கும். சாம்பல் நிற டீசல் கார் ஒன்று உள்ளே வந்தது. பதினாறு வயசான டர்போ வண்டி, மிதித்தால் என்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் ரகம். பாடியில் ஒரு கீறல் இல்லை. ஓட்டி வந்தவர் அழகுசுந்தரம். கொத்தமங்கலத்தில் பெரிய வீடு, இருப்பது சென்னையில், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். இறங்கிப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லையாம்மா?"

"ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன் சார்."

விழித்தார். வாரத்துக்கு நாலு தடவை எனக்கு இது நடக்கும். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லோரும் தச்சு வேலை. மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் டிப்ளமோ படித்துவிட்டு இரும்பைத் தட்டிப் பார்க்கிறேன். இதில் விழிக்க என்ன இருக்கிறது?

பின் சீட்டிலிருந்து இன்னொருவர் இறங்கினார். பெயர் மாயக்கண்ணன். ஐம்பது தாண்டியவர், இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தக் கொத்தமங்கலத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அங்கேயே பின்கட்டில் பெண்டாட்டியோடு குடியிருக்கிறார்.

"வண்டி கடகடங்குது," என்றார் அழகுசுந்தரம். "நிக்கும்போது ஒண்ணுமில்ல. ரோட்டுல மிதிச்சு, டர்போ இழுக்க ஆரம்பிக்குது பாரு, அப்ப தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி வருது. பைபாஸ்ல ஒரு மெக்கானிக் டர்போ போச்சுன்னுட்டாரு. எனக்கு வேற சந்தேகம்."

சந்தேகம் யார் மேல் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. மாயக்கண்ணனை வைத்துக்கொண்டே சொன்னார்.

"போன வருசம் தை மாசம் டேங்க்க நெறச்சு நிறுத்திட்டுப் போனேன். இப்பப் பாதிதான் இருக்கு. கிலோமீட்டர் காட்டுற டிஸ்ப்ளே முன்னாலயே அவிஞ்சு போச்சு, அது இவனுக்கும் தெரியும். வண்டிய ஊரெல்லாம் ஓட்டிருக்கான், எங்கயோ அடியில மோதிருக்கான். நீ பாத்துச் சொல்லு. மோதுனதுதான்னா, ராத்திரி ரயிலுக்கு முன்னாடி வீட்டுச் சாவிய வாங்கி வேற ஆள்ட்ட குடுத்துட்டுப் போறேன். ஆளும் சொல்லி வச்சாச்சு."

"நான் வண்டிய எடுக்கலங்கய்யா," என்றார் மாயக்கண்ணன். எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாரோ, குரலில் தெம்பே இல்லை.

சரி, வண்டி சொல்லட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். அழகுசுந்தரம் ஓட்ட, தேவகோட்டை ரஸ்தா வரை போனோம். மெதுவாகப் போனபோது பூனை மாதிரி போனது. மூன்றாவது கியரில் அழுத்தியதும் வந்தது பாருங்கள், கடகடகடவென்று! காலை எடுத்தால் நின்றது. மறுபடி மிதித்தால் மறுபடி. காலுக்கு அடியில் ஏதோ தகரம் கழன்று தொங்குவது போலவே இருந்தது. இதே சத்தத்தோடு எத்தனையோ வண்டி என்னிடம் வந்திருக்கிறது. மண் ரோட்டில் விட்டு, கல்லில் இடித்து, அடித்தகடு நெளிந்து வரும்.

பட்டறைக்குத் திரும்பி இறங்கும்போதே என் வாய் திறந்துவிட்டது.

"அடியில வாங்குனதுதான் சார் இது. இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்."

அழகுசுந்தரம் மாயக்கண்ணன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். மாயக்கண்ணன் என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். முதலாளி கையில் கொடுக்க மனசு வரவில்லையோ என்னவோ, என் மேஜை மேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஏண்ணே, உண்மையச் சொல்லிட்டா மன்னிச்சிருவாகள்ல," என்று நான் வேறு அவருக்குப் புத்தி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நெளிந்த இடத்தை முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று வண்டியை அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, விளக்கோடு கீழே இறங்கினேன். தேடினேன். முன்னாலிருந்து பின்னால் வரை தேடினேன். ஒரு நெளிசல் இல்லை. ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அடிப்பாகம் முழுக்க மெல்லிய தூசி, அவ்வளவுதான். ரோட்டில் ஓடிய வண்டியின் அடி இப்படி இருக்காது. சேறும் தாரும் அப்பிக் கிடக்கும்.

என்னையே திட்டிக்கொண்டேன். அடி சிந்து, அவசரக்குடுக்கை, என்ன காரியம் செய்தாய்!

சூடு தடுக்கும் தகட்டில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. இதுதானோ என்று கம்பி போட்டு இறுக்கிக் கட்டி மறுபடி ரோட்டில் எடுத்தோம். சத்தம் போகவில்லை. திரும்பி வந்து, பைபாஸ்காரர் சொன்னதையும் பார்த்துவிடலாம் என்று டர்போவுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. அந்த டர்போ இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

"என்னம்மா, அடிபட்டதக் காட்டுறேன்னே?" என்று மேலிருந்து கேட்டார் அழகுசுந்தரம்.

"இன்னும் பாத்து முடிக்கல சார்," என்றேன்.

முடியவில்லை என்று சொல்வது எனக்கு மானப் பிரச்சினை. ஆனால் அன்றைக்கு மானத்தைவிடப் பெரிதாக, அந்த மேஜை மேல் கிடந்த சாவிக்கொத்துதான் கண்ணை உறுத்தியது.

மூன்றாவது தடவை ரோட்டுக்குப் போனபோது நான் பின் சீட்டில் ஏறிக் குனிந்து படுத்துக்கொண்டேன். அழகுசுந்தரம் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும். வண்டி வேகம் எடுத்து டர்போ இழுத்ததும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. முன்னால் இருந்தே இல்லை! புகைக்குழாய் நீளத்துக்கும் ஓடி வந்து, முன்னால் உட்கார்ந்தவர் காலடியில் கேட்டிருக்கிறது.

பட்டறைக்கு வந்து, சூடு ஆறும் வரை காத்திருந்து, பின்னால் இருக்கும் சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். உள்ளே ஏதோ உருண்டது. அதோடு களக் என்று இன்னொரு சத்தம். கழற்றி வெளியே கொண்டுவந்து, "சார், இங்குட்டு வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க," என்று கூப்பிட்டு, இருவர் முன்னாலும் கவிழ்த்தேன்.

ஒரு செம்புக்கு மேல் தண்ணீர் கொட்டியது. கறுப்பும் துருவுமாக, சாக்கடை நிறத்தில். அதன் பின்னாலேயே அரித்துப்போன ஒரு தகடு வந்து குழாய் வாயில் சிக்கி நின்றது.

"இது என்ன தண்ணி? ஆத்துல எறக்கிட்டானா?" என்றார் அழகுசுந்தரம்.

"ஆறும் இல்ல, கொளமும் இல்ல. அண்ணே, வண்டிய ஸ்டார்ட்டாவது பண்ணுவீகளா?"

"வாரம் தவறாமப் பண்ணுவேன் தாயி. பேட்டரி எறங்கிரும், ஸ்டார்ட் பண்ணி வையின்னு ஐயாதான் சொல்லிருக்காக. வெள்ளிக்கெழம வண்டிய ஸ்டார்ட்ல விட்டுட்டு உள்ள போயி வெளக்கேத்துவேன். அத்தன ரூமையும் தொறந்து சாம்பிராணி காட்டிட்டு வர அர மணி நேரம் ஆகும். வந்து ஆப் பண்ணுவேன்."

"அஞ்சு நிமிசம் போதும்னுதானே சொன்னேன்?" என்றார் அழகுசுந்தரம்.

"கூடக் கொஞ்சம் ஓடுனா நல்லதுதானன்னு..." மாயக்கண்ணன் இழுத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாரத்துக்கு அரை மணி நேரம், பதினாறு மாதம். பாதி டேங்க் அங்கேதான் போயிருக்கிறது. டீசல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். வண்டி ரோட்டில் ஓடினால் சைலன்சர் கொதித்து அதை வெளியே தள்ளிவிடும். நின்ற இடத்திலேயே ஓடினால் சைலன்சர் சூடே ஏறாது. ஆவி குளிர்ந்து தண்ணீராகித் தங்கிவிடும். தங்கிய தண்ணீர் உள்ளே இருந்த தகட்டை அரித்து விட்டது. மெதுவாகப் போனால் அந்தத் தகடு சும்மா கிடக்கும். டர்போ இழுத்துப் புகை வேகமாக வந்தால் ஆடும். இதையெல்லாம் அழகுசுந்தரத்துக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"சார், இந்த வண்டி மாசத்துக்கு ஒரு தடவ பத்து மைல் ஓடிருந்தாக்கூட இவ்வளவு தண்ணி சேந்திருக்காது. இவரு ஓட்டிக் கெடுக்கல. ஓட்டாமக் கெட்டிருக்கு. நான் பாக்காமலே அடி வாங்குனதுன்னு சொன்னது தப்பு. அண்ணே, நீங்க என்னய மன்னிக்கணும்."

மாயக்கண்ணன் பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்தார். அழகுசுந்தரம் தரையில் பரவிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு மாசமும் ஒரு தடவகூட வெளிய எடுக்கலயா நீ? லைசென்ஸ்தான் வச்சிருக்கியே?"

"வண்டி வாசக் கேட்டத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீகளேய்யா."

பிறகு மாயக்கண்ணன் அவராகவே சொன்னார். "ஒரே ஒரு நா எடுக்கத் தோணுச்சு. போன கார்த்திகையில எம்மகளுக்கு வலி எடுத்திருச்சு. விடியக்காலம், கொட்டுற மழ. ஆட்டோ வர முக்கா மணி நேரம் ஆச்சு. அது வரைக்கும் அவளத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இந்தக் காருக்குப் பக்கத்துலதான் நின்னேன். சாவி இடுப்புலதான் இருந்துச்சு. ஒங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல, தூங்கிருப்பீக. கேக்காம எடுக்க மனசு வரலய்யா."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார் அழகுசுந்தரம்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காக. பொம்பளப் புள்ள. தேவகோட்டையில மாப்பிள்ள வீட்டுல இருக்காக."

அழகுசுந்தரம் மேஜை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். பிறகு, "தப்புப் பண்ணிட்டேன் மாயக்கண்ணா. ஒன்ட்ட ஒரு வார்த்த நம்பிக் கேட்டிருக்கணும்," என்று சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினார். மாயக்கண்ணனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிரித்துப் போட்ட ஒரு வண்டியின் சைலன்சர் என்னிடம் இருந்தது. அதை அளவு பார்த்துப் பொருத்தி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், எவ்வளவு மிதித்தாலும் சத்தம் இல்லை. பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: வாரம் ஒரு தடவை குறைந்தது அரை மணி நேரம் ரோட்டில் வேகமாக ஓட்ட வேண்டும்.

"இதச் செய்யலைன்னா இந்தச் சைலன்சரும் அரிச்சுப் போகும். அப்பறம் எங்கிட்ட வராதீக," என்றேன்.

அழகுசுந்தரம் அதைப் படித்தார். படித்துவிட்டுக் கார்ச் சாவியை மாயக்கண்ணனிடம் கொடுத்து, தான் போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"எட்டு மணிக்குத்தான் ரயிலு. தேவகோட்டை போய்ட்டு வந்துரலாம். எடு."

மாயக்கண்ணன் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கண்ணாடியைத் திருப்பினார், சீட்டை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, அப்பா வாரேன், புள்ளயக் குளிப்பாட்டி வையி... இல்லத்தா, பஸ்ஸுல இல்ல. நம்ம வீட்டுக் கார்ல. நாந்தான் ஓட்டிக்கிட்டு வாரேன்."